நடுங்காத உன் இடது கை

உன் கம்பளித் தொப்பி நேற்று என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உன் மருமகள்தான் கொண்டுவந்தாள். கல்குடா வீட்டைத் துப்புரவாக்கிப் பூட்டிவிட்டுக் கனடாவுக்குத் திரும்பப் போகிறாளாம். உன் அலுமாரியில் இருந்ததையெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டு வருகிறாள். "மாமியின்ட ஞாபகமா வச்சிக்கொள்ளுங்க அன்ரி" என்று என் மடியில் வைத்தாள். உன் சங்கிலி யாருக்குப் போனதோ, எனக்குத் தொப்பி. மூக்கில் வைத்துப் பார்த்தேன். நீ அள்ளி அப்புகிற தேங்காயெண்ணெய் மணம் இன்னும் போகவில்லை.

மட்டக்களப்பு வெயிலில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரே மனுசி நீதான். மண்டைத் தழும்பை மறைக்க என்றாய். மறைக்க நினைக்கிறவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டால் போதும். ஊர் கேட்கவேண்டும், கேட்டால் நீ சொல்லவேண்டும், அதற்குத்தான் அந்தத் தொப்பி. எனக்குத் தெரியாதா உன்னை?

தேத்தண்ணி குடித்துக்கொண்டே உன் மருமகள் ஒரு விசயமும் சொன்னாள். அது நீ அறியாதது. உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருப்பது நம் பழக்கத்தில் இதுதான் முதல் தடவை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உடனே சொல்லமாட்டேன். நீ எத்தனை விசயத்தை இழுத்து இழுத்துச் சொல்லி என்னைக் காயப்போட்டிருக்கிறாய்? இப்போது என் முறை, கொஞ்சம் பொறு.

நம் போட்டி பள்ளிக்கூடத்திலேயே தொடங்கியது. நான் பள்ளிக்கூடம் இருந்த புளியந்தீவிலேயே பிறந்து, நடந்து போய்ப் படித்தவள். நீ கல்குடாவிலிருந்து வந்து விடுதியில் நின்று படித்தவள். ஊர்க்காரி நான் இருக்க, பாட்டுக்குழுவில் முன்னுக்கு நிறுத்தியது உன்னை. உன் குரல் அப்படி. எனக்குப் பின்வரிசை, நாலு பேரோடு சேர்ந்து ஒத்துப்பாடுகிற வேலை. உனக்கு வாய்த்த மாப்பிள்ளைக்கு அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம். எனக்கு வாய்த்தவர் பழுகாமத்து வட்டையில் நெல் விதைக்கிறவர். நல்ல மனுசன், குறை சொல்லவில்லை. ஆனாலும் உன் கலியாணத்தில் உன் பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் என் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். நீயே அதை எடுத்து வைத்துக்கொண்டு எத்தனை தரம் சிரித்திருக்கிறாய். "இஞ்ச பாரு கா, பச்சைமிளகாயக் கடிச்ச மாதிரி நிக்கிறாய்."

ஒரே ஒரு விசயத்தில்தான் நான் உன்னை முந்தினேன். நோய் எனக்குத்தான் முதலில் வந்தது. கறிச்சட்டிக்குள் அகப்பை தானாகவே தாளம் போடத் தொடங்கியது. "என்ன, சட்டியோட சண்டையா?" என்று என் மனுசன் பகிடி பண்ணினார். ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு வசனத்தை எழுதச் சொன்னார். தொடக்கத்தில் நன்றாக இருந்த எழுத்து வரி முடிவதற்குள் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டது. பார்க்கின்சன் நோய் என்றார். இந்த மடலிலும் எழுத்து அப்படித்தான் சுருங்கிக்கொண்டு வருகிறது, பார்த்துப் படி.

மறுகா உனக்கும் வந்தது. உன் மனுசன் போனபிறகு சில வருசம் மகனோடு கனடாவில் இருந்து அந்தக் குடியுரிமையும் எடுத்துவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கல்குடாவுக்குத் திரும்பிய காலம். உன் கையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பயந்துபோய் நீ அழுதாய், நான் உன்னைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றையும் கவனித்தேன். ஆடியது உன் இடது கை. எனக்கு வலது. சோறு தின்ன, கையெழுத்துப் போட, நாலு பேர் முன்னால் ஒரு சாமானை வாங்க, எல்லாவற்றுக்கும் வேண்டிய கை என்னுடையது. நோயிலும் நல்ல பங்கு உனக்குத்தான்.

கிளினிக் நாளில் இருவரும் ஒரே நீள மர வாங்கில் ஒட்டி உட்கார்ந்திருப்போம். நான் வலது பக்கம், நீ இடது பக்கம். ஆடுகிற கைகள் இரண்டும் வெளிப்பக்கம் இருக்கவேண்டும் என்று நீதான் சட்டம் போட்டாய், நடுவில் இருக்கிற கைகளைக் கோத்துக்கொள்ளலாமாம். குளிசை வேலைசெய்கிறதில்லை என்று இருவரும் ஒன்றாக முறையிட்டோமே, ஞாபகமிருக்கிறதா? அந்தச் சின்ன டொக்டர்ப் பிள்ளை "எதோட எடுக்கிற நீங்க?" என்று கேட்டாள். வயிறு எரியாமல் இருக்கத் தயிரோடு என்று பெருமையாகச் சொன்னோம். எருமைத் தயிர், கட்டித் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. அவள் தலையில் கை வைத்தாள். "அம்மா, தயிர், மீன், இறைச்சி இதெல்லாம் வயித்துக்க இரிந்தா குளிசை மூளைக்குப் போய்ச் சேராது. வெறும் தண்ணியோட, சாப்பாட்டுக்கு முந்தி எடுங்க." வெளியே வந்து நீ சொன்னாய். "இவ்வளவு நாளும் எருமை மாடுதான் கா நம்மட கைய ஆட்டியிரிக்கு."

அந்தப் பிள்ளைதான் நமக்கு நோயையும் விளங்கப்படுத்தினாள். மூளையின் அடியில் ஒரு சின்ன இடத்தில் சில கலங்கள், கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள், ஒரு சாற்றைச் சுரக்கின்றன. அந்தச் சாறு இருந்தால்தான் கை கால் சொல்வழி கேட்கும். நமக்கு அந்தக் கலங்கள் செத்துக்கொண்டு வருகின்றன. குளிசை சாற்றை ஈடுசெய்யும், செத்த கலத்தைத் திருப்பித் தராது. அன்றைக்கு இருவரும் கேட்டுத் தலையாட்டினோம். ஆட்டாமலே ஆடுகிற தலைகள்தானே.

பிறகு ஒருநாள் நீ என் வீட்டுக்கு வந்திருந்தபோது உன் மகன் தொலைபேசியில் அந்தச் செய்தியைச் சொன்னான். புதிய கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து, மண்டையில் துளை போட்டு, செத்தவற்றின் இடத்தில் வைக்கிறார்களாம். இன்னும் பரீட்சித்துப் பார்க்கிற கட்டம்தான். ஆட்களைச் சேர்க்கிறார்கள், உன்னையும் எடுக்கக்கூடும் என்றான். நீ துள்ளிக் குதிக்காத குறை. "நாத்து நடுற மாதிரி கா. மேடையில வளத்து, பிடுங்கி, செத்த இடத்தில நடுற." வாசலில் இருந்த என் மனுசனுக்கு இது பிடிக்கவில்லை. "நம்மட வட்டையில ஆரு நாத்து நட்ட? வாரி விதைச்சிட்டு மழையப் பாத்துட்டு இரிக்கிறதான்" என்றார். "ஓம், கனடாக்காரிக்கு நடுகை, நமக்கு விதைப்பு" என்றேன் நான். பகிடி மாதிரித்தான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை.

உன் கையிலிருந்த தொலைபேசியை வாங்கி நானே கேட்டேன். "தம்பி, எனக்கும் ஒரு இடம் இரிக்குமா எண்டு கேட்டுப் பாருங்களன்." அவன் நல்ல பிள்ளை, மெதுவாகத்தான் சொன்னான். "அன்ரி, இந்த நாட்டுக் குடியுரிமை உள்ள ஆக்கள மட்டும்தான் எடுப்பாங்க." நான் உன்னைப் பார்த்தேன். நீ உன் கால் பெருவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். 'அவள் இல்லாட்டி நானும் போகல்ல' என்று சொல்லுவாய் என்று காத்திருந்தேன். என்ன பைத்தியம்! உன் இடத்தில் நான் இருந்திருந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு முதல் விமானத்தில் ஏறியிருப்பேன். ஆனாலும் காத்திருந்தேன்.

நீ போனபிறகு போதகர் ஒவ்வொரு ஞாயிறும் உன் பேரைச் சொல்லிச் சபையை ஜெபிக்கச் சொன்னார். நானும் கண்ணை மூடினேன். உனக்குச் சரிவரக்கூடாது என்று கேட்கவில்லை, அவ்வளவு கெட்டவளல்ல நான். 'ஆண்டவரே, உமக்கு என் விலாசமும் தெரியும்தானே' என்று மட்டும் கேட்டேன்.

நீ திரும்பி வந்த திருவிருந்து ஞாயிறைப் பற்றி நாம் ஒருநாளும் கதைக்கவில்லை. இப்போது கதைக்கலாம், நீ குறுக்கே பேசமாட்டாய்.

நம் கோவிலில் முன்னுக்குப் போய்க் கிராதியருகில் முழங்கால்படியிட்டு, திராட்சரசக் கிண்ணத்தைக் கையில் வாங்கிக் குடிக்கவேண்டும். விரல் அளவுக் கண்ணாடிக் கிண்ணம். கடைசியாக நான் அங்கே போனபோது கிண்ணத்தில் இருந்தது முழுக்கப் போதகரின் வெள்ளை அங்கியில் சிந்தியது. அன்றிலிருந்து நான் எழும்புவதில்லை. எல்லாரும் வாங்கி முடிந்தபிறகு போதகர் என் வாங்குக்கு வந்து, குழந்தைக்குக் கஞ்சி பருக்குவதுபோலக் கிண்ணத்தை என் வாயில் வைப்பார். அதுவரைக்கும் முழுச்சபையும் என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும். என் இடக் கை அப்போது ஓரளவு சொல்வழி கேட்டதுதான். ஆனால் கடையில் மிச்சக் காசைக்கூட இடக் கையால் வாங்காத ஆட்கள் நாம். கர்த்தருடைய இரத்தத்தை எப்படி வாங்குவது? நோய் வந்த நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். ஓடவேண்டாம், சமைக்கவேண்டாம். அந்தக் கிண்ணத்தை வலக் கையில் வாங்கி நானே குடிக்கவேண்டும்.

நீ தொப்பியோடு எழும்பிப் போனாய். முழங்கால்படியிட்டாய். போதகர் கிண்ணத்தை நீட்டினார். நீ இடக் கையை நீட்டினாய். சுகமான கை அதுதானே! போதகரின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. நீ கையை மாற்றவில்லை. அவர் வைத்தார். நீ தேவைக்கு அதிகமாகவே அதை உயர்த்திப் பிடித்தாய், ஒரு சொட்டு அசையவில்லை. குடித்தாய். தட்டில் சத்தமில்லாமல் திருப்பி வைத்தாய்.

"இடக் கையாலயா வாங்குறா?" என்று எனக்குப் பின்னால் ஒருத்தி குசுகுசுத்தாள். "சும்மா இரி கா, அதுதான் சுகமான கை" என்றாள் மற்றவள். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "பாரன், கூட்டாளிக்குச் சுகமானதுக்கு எப்பிடி அழுறா" என்று என் முதுகைத் தடவினார்கள். நெஞ்சு எரிந்து அழுகிறவளை அப்படித் தடவக்கூடாது. பிறகு போதகர் என்னிடம் வந்தார். கிண்ணம் என் பல்லில் பட்டு டிக் டிக் என்று அடித்தது. நீ திரும்பிப் பார்த்தாய். பரிதாபமாகப் பார்த்தாய், அதைத்தான் நான் மன்னிக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னாய். தலையை மழித்தது, இரும்புச் சட்டத்தை மண்டையோடு திருகிப் பூட்டியது, அரை மயக்கத்தில் துளைக்கிற சத்தம் கேட்டது. "துளைக்கக்குள்ள தச்சு வேலை நடக்கிற மாதிரி இரிந்திச்சு கா." அதோடு நான் கேள்விப்படாத ஒரு புதினமும் சொன்னாய். எல்லாருக்கும் கலம் வைப்பதில்லையாம். கொஞ்சப் பேருக்குத் துளையை மட்டும் போட்டு மூடிவிடுவார்களாம். யாருக்கு எது என்று கடைசிவரைக்கும் சொல்லமாட்டார்களாம்.

"என்னத்துக்கு கா அப்பிடி?"

"வச்சதால சுகமா, வச்சிட்டாங்க எண்ட நினைப்பால சுகமா எண்டு பாக்கத்தான்."

"உனக்கு?"

"எனக்கு வச்சிட்டாங்க. கை சொல்லுது."

வெறும் துளையாக இருக்கட்டும் என்று அந்த நேரம் நான் நினைத்தேனா என்று கேட்காதே. நினைத்தேன். நினைத்துக்கொண்டே "காட்டு கா" என்றேன். நீ தொப்பியைக் கழற்றிக் குனிந்தாய். மயிர் இன்னும் குட்டையாக, அதற்குள்ளே பெருவிரல் நகமளவு குழி. நான் விரலை வைத்தேன். என் விரல் சும்மா இருக்குமா? டக டக என்று உன் மண்டையில் தட்டத் தொடங்கியது. "தட்டாத கா, உள்ளுக்க பிள்ளையள் நித்திரை கொள்ளுதுகள்" என்றாய். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ குசினிக்குப் போனபிறகு என் மண்டையைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. முழு மண்டையோடு இருப்பதற்காக அன்றைக்குத்தான் கவலைப்பட்டேன்.

அதற்குப் பிறகு நீ ஆடிய ஆட்டம்! தைப்பதற்கு ஒரு துணியும் இல்லாமல் என் முன்னால் இருந்து ஊசிக்கு நூல் கோத்துக் காட்டினாய். கல்குடாக் கடற்கரையில் ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நடந்துபோகிற படத்தை அனுப்பினாய், அதுவும் இடக் கையில். நான் பதில் போடவில்லை. ஒருநாள் நீ வரும்போது உன் இடது கால் மெல்லத் தேய்வது தெரிந்தது. "நேத்து நித்திரை இல்ல கா, அதான்" என்றாய். எனக்குக் கொஞ்சம் சந்தோசமாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இரண்டில் எது கூட என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் நீ சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தபடியே போய்விட்டாய். மாரடைப்பு. மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். பெட்டியில் உன் இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்ற என் கை பெட்டியையே ஆட்டியது. அன்றைக்கும் உன் கை அசையவில்லை, என் கைதான் ஊருக்கு முன்னால் மானத்தை வாங்கியது.

இனிச் சொல்கிறேன். உன் மருமகள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "அன்ரி, இப்பதான் எங்களுக்குச் சொன்னாங்க. மாமிக்கு ஒண்டும் வைக்கல்லயாம். ஓட்டை மட்டும்தான்."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோசம். அடியேய், உனக்கும் கிடைக்கவில்லை! உள்ளுக்க பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை! உன் மருமகள் அழுதுகொண்டிருக்க, எனக்கு வாய் சிரிப்புக்குப் போனது. நல்ல காலம், இந்த நோயில் முகம் சரியாகச் சிரிக்காது.

அவள் மற்றதையும் சொன்னாள். கலம் வைத்தவர்களில் சிலருக்கு நல்ல மாற்றம் தெரிகிறதாம். அதனால் துளை மட்டும் போட்டவர்களைத் திரும்பக் கூப்பிட்டு மெய்யாகவே வைக்கப்போகிறார்களாம். உனக்கும் ஒரு இடம் இருந்ததாம். "அந்த இடத்துக்கு நான் போகேலாதா மகள்?" என்று கேட்டுவிட்டேன். ஓம், கேட்டேன். செத்தவளின் இடத்தைக்கூட விடாமல் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு "இல்ல அன்ரி" என்றாள்.

"அப்ப மாமியின்ட கை எப்பிடி அடங்கினது?" என்றேன். அங்கத்தைய டொக்டர் உன் மகனுக்கு விளங்கப்படுத்தினாராம். சுகம் வரும் என்று மனம் முழுக்க நம்பினால், மூளை தன்னிடம் மிச்சமிருக்கிற கலங்களிலிருந்து அந்தச் சாற்றைக் கொஞ்சம் கூடச் சுரக்கவைக்குமாம். கொஞ்சக் காலத்துக்குத் தாங்குமாம்.

அவள் போய்ப் படலை சாத்திய சத்தம் கேட்டதும் என் சந்தோசம் போய்விட்டது. மற்றது வந்தது. உனக்குக் கலம் கிடைத்தது என்று எரிந்தபோதுகூட இவ்வளவு எரியவில்லை. ஒன்றுமே வைக்காமல் அடங்கியதா உன் கை? வெறும் துளைக்கா? நான் கிளினிக் வாங்கில் காத்துக்கிடந்து, தயிரை விட்டு, மீனைத் தள்ளி வைத்து, வேளைக்கு வேளை குளிசை போட்டு அடங்காத கை! நீ நினைத்தாய், அடங்கியது. முன்வரிசைக்காரி நீ, அங்கேயும் முன்வரிசைதான்.

இன்று காலை குசினிக் கதவைச் சாத்திவிட்டு, இருமலுக்குக் குடிக்கிற பாணி மருந்தோடு வருகிற சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பினேன். 'உனக்கும் ஏலும்' என்று எனக்கு நானே சொன்னேன். மண்டையைத் தடவினேன். கண்ணை மூடி, உள்ளே கலங்கள் முளைக்கிறதாக நினைத்தேன். வலக் கையால் எடுத்தேன். சேலை முழுக்கத் தண்ணீர். திரும்பவும் நிரப்பினேன், திரும்பவும் சிந்தியது. வெறும் துளைதான் என்று நேற்றே கேட்டுவிட்டவள் எப்படி நம்புவது? உனக்கு உண்மை தெரியாது, அதனால் உனக்குச் சுகம் வந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்று தொடக்கத்தில் பெருமையடித்தேனே, அதுவும் என் தலையில்தான் விடிந்தது.

போன கிளினிக்கில் அந்த டொக்டர்ப் பிள்ளையிடம் இந்தச் சிகிச்சை நம் பக்கம் வருமா என்று கேட்டிருந்தேன். "கொழும்புக்கு வந்தாலும் வரும் அம்மா, ஆனா சுணங்கும்" என்றாள். அதுவரைக்கும் நான் உயிரோடு இருக்கப் பார்க்கிறேன். வராது என்று யார் கண்டது? வரட்டும், எனக்கும் துளை போடட்டும், மெய்யான கலமே வைக்கட்டும். அதற்குப் பிறகு வருகிற திருவிருந்து ஞாயிறை நேற்றிலிருந்து மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழும்பி நடக்கிறேன். முழங்கால்படியிடுகிறேன். வலக் கையை நீட்டுகிறேன், அது மலைபோல நிற்கிறது. ஒரு சொட்டுச் சிந்தாமல் குடிக்கிறேன். சபை முழுக்க 'கர்த்தருக்கு ஸ்தோத்திரம்' என்கிறது. நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. உன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் திரும்புகிறேன். நீ இருக்கிற வாங்கில் வேறு யாரோ இருக்கிறார்கள். எத்தனை தரம் ஓட்டிப் பார்த்தாலும் அந்த இடத்தில் கிண்ணம் கைநழுவி விழுந்துவிடுகிறது.

நீ பாத்து எரியாம, எனக்குச் சுகமாகி என்னத்துக்கு கா?